மயில்கழுத்து கலர்ல நெயில் பாலிஷ் கேட்ட அம்மா: உங்க பார்லர் கதைகளையும் சொல்லுங்க

நங்கநல்லூர்க்காரி:

சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அம்மாவ எங்க ஏரியா பார்லருக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்கு 62 வயசு, பார்லர் வாசப்படி மிதிச்சதே இல்ல. கிளம்பும்போதே கண்டிஷன் போட்டாங்க: "உனக்கு என்ன வேணுமோ பண்ணிக்கோ, நான் ஓரமா உக்காந்திருப்பேன்." ஏசி காத்துக்கு உக்காந்தவங்கள அங்க வேலை பார்க்கற பொண்ணு விடல. மிசோரம் பொண்ணு. சென்னைக்கு வந்து நாலு வருஷம், தமிழ் சரளமா வருது. "கை குடுங்கம்மா"ன்னு நீட்டிட்டா.

அம்மா கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. எனக்குக் காரணம் தெரியும். அன்னிக்குக் காலைலதான் வாழைப்பூ ஆய்ஞ்சாங்க. ஆள்காட்டி விரல் ஓரத்துலயும் கட்டைவிரல் நகத்தடியிலயும் கறுப்பா கறை. அந்தப் பொண்ணு ஒண்ணுமே கேக்கல. வெதுவெதுப்பான தண்ணில கையை முக்கி வெச்சு, பிரஷ்ஷால நகத்தடியைத் தேய்ச்சு, எலுமிச்சம்பழத் தோல வெச்சு ஒரு தேய் தேய்ச்சா. பாதிக் கறை போச்சு. மீதிய விட்டுட்டா.

அப்புறம் கலர் எடுத்துக் காட்டினா. பனையோலை விசிறி மாதிரி ஒரு வளையத்துல பிளாஸ்டிக் நகமா கோத்து வெச்சிருக்காங்க, இருநூறு கலராவது இருக்கும். அம்மா ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. கடைசில ஜவுளிக்கடைல கேக்கற மாதிரியே கேட்டாங்க: "மயில்கழுத்து இல்லையா?"

அந்தப் பொண்ணு முழிச்சா. நான் "பீகாக் ப்ளூ"ன்னு எடுத்துக் குடுத்தேன். அம்மா ஒத்துக்கல. "இது வெறும் நீலம். மயில்கழுத்துன்னா பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். இப்படித் திருப்பினா பச்சை, அப்படித் திருப்பினா நீலம்." போன்ல கல்யாணப் புடவை போட்டோவ வேற காட்டினாங்க. அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் போட்டோவ உத்துப் பார்த்துட்டு, டிராயர்லேர்ந்து ஒரு பாட்டிலும் சின்னதா ஒரு காந்தமும் எடுத்தா.

கேட்-ஐ பாலிஷ்னு சொல்றாங்களே, அது. விளக்கு வெளிச்சத்துல இறுகற ஜெல் பாலிஷ்ல ஒரு வகை. பாலிஷுக்குள்ள இரும்புத்தூள் மாதிரி பொடி இருக்கு. முதல்ல கறுப்பு ஒரு கோட், அது காஞ்சதும் இந்தப் பச்சை. ஈரமா இருக்கும்போதே நகத்துக்கு மேல காந்தத்தைப் பிடிச்சா பொடியெல்லாம் ஒரு பக்கமா ஓடிப்போய் வரி கட்டுது. கையை அசைச்சா வரியும் கூடவே நகருது. அப்படியே கையை யூவி விளக்குக்குள்ள விட்டா இறுகிடுது. அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "இதான்டி மயில்கழுத்து"ன்னாங்க. அந்தப் பொண்ணு இப்ப எல்லாக் கஸ்டமர்கிட்டயும் அந்தப் பாட்டில "மயில்கழுத்து"ன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா.

விளக்குல கை வெச்சதும் அம்மா "சுடுதுடி"ன்னு இழுத்துக்கிட்டாங்க. ஜெல் இறுகும்போது சூடு வருமாம், கோட் தடிமனா இருந்தா ஜாஸ்தி தெரியுமாம். கையை ஒரு நொடி வெளிய எடுத்துட்டுத் திரும்ப வைக்கச் சொன்னா.

கல்யாணம் அமோகமா முடிஞ்சது, பெரியம்மா கோஷ்டி முழுக்க அம்மா கையைத்தான் பிடிச்சுப் பார்த்தாங்க. சிக்கல் அதுக்கப்புறம். பன்னண்டாம் நாள் ஒரு ஓரம் லேசா தூக்கிச்சு. அம்மா சேஃப்டி பின்ன விட்டு நெம்பி, பலாச்சுளைல ஒட்டின சடைய உரிக்கற மாதிரி மொத்தத்தையும் உரிச்சுட்டாங்க. இப்ப நகம் காகிதம் மாதிரி வளையுது, வெந்நீர் பட்டா எரியுதாம். என்ன பண்ணலாம்? உங்களுக்கும் இந்த மாதிரி ஆகியிருந்தா எழுதுங்க.

இட்லிமாவு:

என் சோகத்தைக் கேளுங்க. பால் வெள்ளைல ஜெல் போட்டேன். 900 ரூபாய். மறுநாள் மதியம் சாம்பார் சாதம் பிசைஞ்சு சாப்பிட்டேன், சாயங்காலம் கை முழுக்க லெமன் ரைஸ் கலர். ஸ்பூன்ல சாப்பிடச் சொல்லாதீங்க. எங்க வீட்டுல நானே ஸ்பூன்ல சாப்பிட ஆரம்பிச்சா மாமியார் டாக்டரைக் கூப்பிடுவாங்க.

அப்புறம் தானா ஒண்ணு நடந்தது. மே மாசம், மொட்டை மாடில வத்தல் பிழிஞ்சு காக்காய் ஓட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் வெயில்ல உக்காந்திருந்தேன். இறங்கி வந்து பார்த்தா மஞ்சள் பாதி காணோம். வேட்டில பட்ட சாம்பார்க் கறைய வெயில்ல போட்டா வெளுக்குமே, அதே கதைதான். இப்ப மருதாணிச் சிவப்பும் அரக்கும் தவிர வேற எதையும் தொடறதில்ல. மஞ்சள் பட்டா யாருக்குத் தெரியப்போகுது?

கோவை நெயில் டெக்:

எட்டு வருஷமா இதே வேலைல இருக்கேன். நங்கநல்லூர் அக்கா, அம்மாவுக்கு நகமே போயிடுமோன்னு பயப்படாதீங்க. ஜெல்ல உரிச்சா அதோட நகத்தோட மேல் அடுக்குகளும் சேர்ந்து வந்துடும். அந்தப் பகுதி திரும்ப ஒட்டாது, வளர்ந்து வெளிய போகணும். கைவிரல் நகம் மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் வளரும். அடிலேர்ந்து நுனி வரைக்கும் புது நகம் வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் குட்டையா வெட்டி விடுங்க, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுங்க, பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போடச் சொல்லுங்க. எரிச்சல் குறையலன்னா, நகம் மேல தூக்குச்சுன்னா தோல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. நகம் தேறற வரைக்கும் அடுத்த ஜெல் வேண்டாம்.

எடுக்கற முறை இதுதான். மேல இருக்கற பளபளப்புக் கோட்ட மட்டும் அரத்தால லேசா தேய்க்கணும். அசிட்டோன்ல நனைச்ச பஞ்சை நகத்து மேல வெச்சு அலுமினியம் ஃபாயில்ல சுத்தணும். பத்துப் பதினஞ்சு நிமிஷம். பிரிச்சா ஜெல் பொரிச்ச அப்பளம் மாதிரி நொறுங்கி நிக்கும், மரக்குச்சியால தள்ளினா வந்துடும். வரலன்னா திரும்பச் சுத்தி வைக்கணும். சுரண்டக் கூடாது. இதுக்கு அரைமணி நேரம் ஆகும்னுதான் நிறைய இடத்துல மெஷின வெச்சு ராவித் தள்ளிடறாங்க. நகம் மெலியறதுல பாதி அந்த மெஷினால.

இன்னொண்ணும் சொல்லணும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள நீல விளக்கு எரியும், அதுல கட்டரும் கத்தரியும் அடுக்கியிருப்பாங்க. "ஸ்டெரிலைஸ் பண்ணது மேடம்"பாங்க. அது பொருள எடுத்து வைக்கற அலமாரிதான். ஆஸ்பத்திரில வைக்கற மாதிரி, நீராவி அழுத்தத்துல கிருமியக் கொல்ற ஆட்டோகிளேவ் இருக்கான்னு கேளுங்க. பேப்பர் அரத்தைக் கழுவ முடியாது, ஒருத்தருக்குத் தேய்ச்சதை இன்னொருத்தருக்கு எடுக்கக் கூடாது. கேட்டா முகம் சுளிப்பாங்க. சுளிச்சா எழுந்து வந்துடுங்க.

சைதை சரவெடி:

கோவை அக்கா சொன்ன கட்டர் விஷயத்துல நான் மாட்டினேன். நகம் தொடங்கற இடத்துல இருக்கற மெல்லிசு தோல, க்யூட்டிக்கிள், அதை "அசிங்கமா இருக்கு"ன்னு ரத்தம் வர்ற அளவுக்கு வெட்டி விட்டாங்க. மூணாம் நாள் மோதிர விரல் வீங்கி, விண் விண்னு தெறிச்சு, நகச்சுத்தி. பாட்டி உடனே எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு விரல்ல சொருகி விட்டாங்க. ரெண்டு நாள் எலுமிச்சம்பழத்தோடயே ஆபீஸ் போனேன், மீட்டிங்ல எல்லாரும் அதையேதான் பார்த்தாங்க. சீழ் கோத்ததும் டாக்டர்கிட்ட போய் கீறி எடுத்தோம். "அந்தத் தோல்தான் கிருமி உள்ள போகாம வாசல்ல காவல் நிக்குது, அதைப் போய் வெட்டிக்கிட்டீங்களே"ன்னார்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை:

எங்கட ஊரில நெயில் பாலிஷ் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம், கியூட்டெக்ஸ்தான். கடையில போய் "சிவத்தக் கியூட்டெக்ஸ் ஒண்டு தாங்கோ" எண்டால் எந்தக் கொம்பனிப் போத்திலையும் எடுத்துத் தருவினம். அது ஒரு அமெரிக்கக் கொம்பனியின்ர பேர். சைதை அக்காவின்ர கதையை வாசிக்கேக்க சிரிப்பு வந்திட்டுது, குறை நினையாதேங்கோ. 1911இல அந்தக் கொம்பனி முதல் கொண்டந்த சாமான் கலர் இல்லை. நீங்கள் வெட்டுப்பட்ட அதே தோலை அகற்றுற தண்ணிதான். பேரும் அதால வந்தது. கலர் பிறகுதான் வந்தது.

தமிழ்நாட்டிலயும் பழைய ஆக்கள் அப்பிடித்தானே சொல்லுறவை?

நங்கநல்லூர்க்காரி:

ஆமாம், எங்க பாட்டி "க்யூடெக்ஸ் போட்டுக்கிட்டு அடுப்படிக்கு வராதே"ம்பாங்க. சைதை, எலுமிச்சம்பழத்தோட மீட்டிங்கா! சிரிச்சு முடியல, மன்னிச்சுக்கோங்க.

பாத்திமா கனி:

எங்க வீட்டுல பாலிஷுக்குக் காலண்டர் உண்டு. தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும்போது நகத்துல தண்ணி படணும், பாலிஷ் மேல இருந்தா படாது. அதனால தொழுகை இல்லாத நாட்கள்ல போட்டுட்டு, குளிக்கறதுக்கு முன்னாடி அழிச்சுடுவேன். பெருநாளைக்கு மருதாணிதான். அது நகத்துல சாயமா ஊறிடுது, படலமா நிக்காது.

துபாய்லேர்ந்து லாத்தா (அக்கா) "தண்ணி ஊடுருவும்"னு போட்ட பாலிஷ் ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. டிஷ்யூ பேப்பர்ல தடவிக் காயவிட்டு மேல சொட்டுத் தண்ணி விட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழிச்சுத் தேய்ச்சதும் அடிப்பக்கம் ஈரம் தெரிஞ்சது. ஒரு கோட்டுக்கு அப்படி, ரெண்டாவது கோட் போட்டுப் பார்த்தா இறங்கவே இல்ல. ஆலிம்கள்லயும் ரெண்டு கருத்து இருக்கு. நான் காலண்டரோடயே இருந்துக்கறேன். கலர் மட்டும் என்னமோ அருமை, நாவல்பழம் பிதுக்கின மாதிரி ஒரு ஊதா.

ஆன்லைன் கிட் வாங்கி மாட்டினவள்:

இதைப் பெருசா எழுதறதுக்கு மன்னிச்சுடுங்க. கோவிட்ல பார்லர் மூடியிருந்தப்ப ஆன்லைன்ல ஒரு ஜெல் கிட் வாங்கினேன். ஆறு கலர், கையடக்கமா ஒரு விளக்கு. எல்லாம் சேர்த்து ஒரு தடவை பார்லர் போற காசுதான். பத்து நாளைக்கு ஒரு கலர்னு மாத்தி மாத்திப் போட்டேன். கை பழகல, நகத்தைச் சுத்தித் தோல்லயும் வழியும். துடைச்சுட்டு விளக்குல வெச்சுடுவேன்.

நாலாவது மாசம் விரல் நுனி அரிக்க ஆரம்பிச்சது. வேர்க்குருன்னு நினைச்சேன். அப்புறம் நுனித் தோல் தடிச்சு வெடிச்சுது. நகம் சதைய விட்டுத் தூக்கிக்கிச்சு. வினோதம் என்னன்னா கண் இமையும் வீங்கிச்சு. கண்ணுக்கும் நகத்துக்கும் என்ன சம்பந்தம்னு கண் டாக்டர், அலர்ஜி மாத்திரைன்னு மூணு வாரம் அலைஞ்சேன். தோல் டாக்டர்தான் கையை முதல்ல பார்த்தார். முதுகுல சின்னச் சின்னதா மருந்து ஒட்டி டெஸ்ட் எடுத்தார். ஹெமான்னு ஒரு ரசாயனம், மெத்தாக்ரிலேட் வகை, அதுக்கு அலர்ஜி. முழுசா இறுகாத ஜெல் தோல்ல திரும்பத் திரும்பப் பட்டா உடம்பு அதை எதிரியா எடுத்துக்குமாம். அந்தக் கையாலயே முகத்தைத் தொடறோமே, அதான் இமை.

ஒரு தடவை வந்துட்டா வாழ்நாள் முழுக்க இருக்குமாம். பல் அடைக்கற பசையிலயும் இதே குடும்பத்து ரசாயனம் உண்டு, பல் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும்னு சீட்டுல எழுதிக் குடுத்தார். ஐரோப்பால ஹெமா இருக்கற நகப் பொருளத் தொழில் தெரிஞ்சவங்க மட்டும்தான் கையாளணும்னு விதி. டிபிஓன்னு இன்னொண்ணு, ஜெல் விளக்குல இறுகறதுக்காகச் சேர்க்கறது, அதை 2025 செப்டம்பர் 1லேர்ந்து அழகுப் பொருள்ல சேர்க்கவே தடை போட்டுட்டாங்க. கிட் அட்டைல இருந்த எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கும். அப்ப நான் அதைப் படிக்கவே இல்ல.

இப்ப சாதா பாலிஷ்தான். மூணு நாள்ல பேந்துடும். பேந்தா பேந்துட்டுப் போகட்டும்.

நைட் டூட்டி நர்ஸ்:

ஆபரேஷனுக்கு வர்றவங்க தயவுசெய்து ஒரு விரலையாவது வெறும் நகமா விட்டுட்டு வாங்க. விரல்ல மாட்டற கிளிப் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒளியையும் நகம் வழியா அனுப்பித்தான் ஆக்ஸிஜன் அளக்குது. கறுப்பு, கரு நீலம், கரும்பச்சைன்னா அளவு தப்பாக் காட்டலாம். கல்யாணம் ஆகி நாலாவது நாள் குடல்வால் வலின்னு ஒரு பொண்ணு வந்தா, பத்து விரல்லயும் கல் பதிச்ச ஜெல். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் அசிட்டோனுக்கு எங்க போவேன்? கிளிப்பைப் பக்கவாட்டுல மாட்டிச் சமாளிச்சோம். அந்த வலிலயும் "கல்லு விழுந்துடாம பாத்துக்கோங்க சிஸ்டர்"னா.

வெல்லப்பாகு:

நியூட் கலர், அதான் தோல் நிறத்தோட ஒட்டிப்போற கலர், அதைப் பத்தி யாருமே பேசல! நியூட்னு எழுதியிருக்கற பாட்டில்ல பாதி என் கைக்குச் சுண்ணாம்பு தடவின மாதிரி இருக்கு. யாரோட தோல மனசுல வெச்சு அந்தப் பேர் வெச்சாங்களோ. 2025க்கான கலர்னு, வருஷா வருஷம் ஒரு கலர அறிவிக்கற பான்டோன் கம்பெனி ஒரு காபி கலர அறிவிச்சதும்தான் எங்க ஊர்க் கடைல பழுப்பு வகை நாலஞ்சு வந்தது. அதுல ஒண்ணு அச்சு அசல் டிகிரி காபி. என் நிறத்துக்கு அதான் நியூட். நகத்துல இருக்கா இல்லையான்னே தெரியாம, ஆனா கை மட்டும் பளிச்சுன்னு இருக்கு.

கோவை நெயில் டெக்:

வெல்லப்பாகு, கரெக்ட். பிளாஸ்டிக் நகத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அந்த நகத்தை எடுத்து உங்க விரல் மேல வெச்சுப் பாருங்க, ட்யூப் லைட்டுல வேண்டாம், வாசல் பக்கம் போய். கல்யாணப் பொண்ணுங்களைப் புடவை முந்தானையோட வரச் சொல்லுவேன். நங்கநல்லூர் அம்மா செஞ்சது அதான்.

நங்கநல்லூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. தேங்காய் எண்ணெய் ரெண்டு வாரமா நடக்குது, எரிச்சல் நின்னுடுச்சு. நகத்தடில புதுசா ஒரு கீத்து வந்திருக்கு, ஆனா அம்மா பேச்சு அதைப் பத்தி இல்ல. நேத்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே தோல வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "வெங்காயச் சருகு கலர் அந்தப் பொண்ணுகிட்ட இருக்குமா?"ன்னாங்க. ஆறு மாசக் கெடுவ ஞாபகப்படுத்தினேன். காதுல வாங்கல. பார்லருக்குப் போன் பண்ணச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருக்காளாம், பொங்கலுக்கு முன்னாடி வந்துடுவாளாம். "அப்ப சரி, அதுவரைக்கும் மருதாணி"ன்னு பின்பக்கத்து மரத்துல இலை பறிக்கப் போயிட்டாங்க.