ஈமாக்ஸுக்குள்ளேயே மெயில், சாட், வெப் எல்லாம்: தினமும் ஒத்துவருமா?

அரைத்தூக்கம்:
ரெண்டு வருடமாக கோடும், ஆர்க் மோட் (ஈமாக்ஸின் குறிப்பெடுக்கும் வசதி) குறிப்புகளும் ஈமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில்தான் எழுதுகிறேன். ஒரு மெயிலுக்குப் பதில் போட பிரவுசரைத் திறந்தால் அங்கே இங்கே மேய்ந்து அரை மணி நேரம் போய்விடுகிறது, அதனால் நேற்று ஈமாக்ஸுக்குள்ளேயே மெயில் படிக்கும் க்னூஸில் என் ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலைப் படிக்கும் முறை) கணக்கைச் சேர்த்தேன். நாலு மெயில் படித்துவிட்டு வெளியே வந்து மறுபடி பார்த்தால் நாலையும் காணோம்! அழிந்துவிட்டதா? போதாததற்கு, மெயில் இழுக்கும்போது மொத்த ஈமாக்ஸும் உறைந்து நிற்கிறது. இதையே தினமும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறீர்களா, இல்லை சும்மா படம் காட்டத்தானா?

பழைய_டெர்மினல்:
பயப்படாதீர்கள், எதுவும் அழியவில்லை. க்னூஸ் பிறந்ததே யூஸ்நெட் (இணையத்தின் பழைய விவாதக் குழுக்கள்) செய்தி படிக்கத்தான், மெயிலையும் செய்தி மாதிரியே நடத்தும். படித்த செய்தியை மறுபடி யார் பார்ப்பார்கள் என்று மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். குழுப் பட்டியலில் கேப்பிட்டல் எல் தட்டுங்கள், எல்லாக் குழுவும் வரும். குழுவின் மேல் நின்று கண்ட்ரோல்-யூ, என்டர் அடித்தால் படித்ததும் சேர்ந்து வரும். ஆனால் மெயில் பட்டியலில் கேப்பிட்டல் ஈ பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது காலாவதிக் குறி, மாற்றாமல் விட்டால் 7 நாளைத் தாண்டிய மெயிலை நிஜமாகவே அழித்துவிடும். என் வாடகை ஒப்பந்தம் அப்படித்தான் போனது, வீட்டுக்காரரிடம் வழிந்துகொண்டு மறுபடி வாங்கினேன்.

க்னூஸ் எங்கே ஜொலிக்கும் என்றால் மெயிலிங் லிஸ்ட்டில். ஜிமேன் சர்வரைச் சேர்த்தால் லிஸ்ட்டுகள் செய்திக் குழுவாக வரும், இன்பாக்ஸ் நிரம்பவே நிரம்பாது.

நள்ளிரவு_கம்பைலர்:
உறைவதற்குக் காரணம், ஈமாக்ஸில் பெரும்பாலான வேலை ஒரே த்ரெட்டில், அதாவது ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று, ஓடுகிறது. சர்வர் பதில் சொல்லும்வரை நீங்களும் காத்திருக்க வேண்டியதுதான். நான் க்னூஸை விட்டுவிட்டு எம்பிசிங்க், மியூ4இ (மியூ என்ற மெயில் தேடல் கருவியின் ஈமாக்ஸ் முகம்) ஜோடிக்கு மாறிவிட்டேன். எம்பிசிங்க் தனியாக ஓடி மெயிலை டிஸ்கில் மெயில்டிராக (ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்) இறக்கிவிடும், மியூ அதற்கு இண்டெக்ஸ் போடும். தேடல் சட்டென்று வரும், நெட்டும் வேண்டாம். ரயிலில் சிக்னல் இல்லாத இடத்தில்கூட பதில் எழுதி வரிசையில் போட்டுவிடுவேன், பிறகு ஒரே தட்டில் அனுப்பிக்கொள்ளலாம். அப்புறம், பாஸ்வேர்டை வெறும் ஆத்இன்ஃபோ ஃபைலில் (ஈமாக்ஸ் லாகின் விவரம் தேடும் ஃபைல்) வைக்காதீர்கள் ப்ரோ, ஜிபிஜி என்ற குறியாக்கக் கருவியில் பூட்டி வையுங்கள்.

ஒற்றைச்சாளரம்:
சாட் என்றால் ஐஆர்சி என்ற பழைய எழுத்து அரட்டை ஒன்றுதான் சுகம். அதற்கான ஈஆர்சி ஈமாக்ஸ் கூடவே வருகிறது, லிபெரா சாட் என்ற ஐஆர்சி நெட்வொர்க்கில் ஈமாக்ஸ் சேனலே இருக்கிறது. வெப் வேறு கதை. ஈமாக்ஸ் 24.4-இல், அதாவது 2014-இல், சேர்ந்த இடபிள்யூடபிள்யூ என்ற உள் பிரவுசர் ஜாவாஸ்கிரிப்ட்டைத் தொடாது, வங்கி, டிக்கெட் எல்லாம் அதில் நடக்காது. நீளமான கட்டுரைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்: கேப்பிட்டல் ஆர் அடித்தால் மெனு, விளம்பரம் உதிர்ந்து கட்டுரை மட்டும் நிற்கும். பக்கம் சொதப்பினால் ஆம்பர்சண்ட் அடியுங்கள், வெளி பிரவுசரில் திறக்கும். தமிழ்ப் பக்கம் படிக்க ஈமாக்ஸ் 27 அல்லது அதற்கு மேல் போங்கள், எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் வந்த பிறகுதான் எனக்குக் கொம்பும் காலும் ஒழுங்காக உட்கார்ந்தன.

அரைத்தூக்கம்:
கேப்பிட்டல் எல், அப்புறம் கண்ட்ரோல்-யூ அடித்தேன், நாலும் பத்திரமாக இருக்கின்றன, நன்றி! ஞாயிற்றுக்கிழமை மியூ4இ போட்டுப் பார்க்கிறேன். ஆனால் பிரவுசர் பக்கமே போகக்கூடாது என்றுதான் இதை ஆரம்பித்தேன், நேற்று ராத்திரி முழுக்க பிரவுசரில் க்னூஸ் கட்டமைப்பு தேடிக்கொண்டிருந்தேன்.