புதுப்பிப்பு: சாவியை எடுத்தும் ஈ.சி.யூ. அணையாத சிக்கல் தீர்ந்தது

என் காரில் தனியாக வாங்கிப் பொருத்திய ஈ.சி.யூ. (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), சாவியை எடுத்த பிறகும் அணையவில்லை, ரேடியேட்டர் ஃபேன் ரிலேவைப் (சிறு கரண்டால் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) பிடுங்கினால்தான் அணைகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

ரிலே காயிலின் இரண்டு முனைகள் 85, 86. அந்த ரிலேயின் 86ஆம் முனை நேராக பேட்டரியில் இருந்தது. 85 ஈ.சி.யூ.வுக்குப் போகிறது; அதை எர்த் செய்வது மட்டும்தான் ஈ.சி.யூ.வின் வேலை. சாவியை எடுத்ததும் பேட்டரி கரண்ட் ரிலே காயில் வழியாகப் போய், ஈ.சி.யூ.வுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடைக் (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) கடந்து, அதன் 12 வோல்ட் லைனில் பின்பக்கமாக ஏறிவிடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஈ.சி.யூ.வுக்கு கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலே ஆஃபில் இருக்கும்போதே அந்த லைனில் வோல்டேஜ் நிற்கிறது!

இப்போது 86ஐ மெயின் ரிலேயின் 87க்கு (ரிலே ஆனில் இருக்கும்போது மட்டும் கரண்ட் வெளிவரும் முனை) மாற்றியாயிற்று. சாவியைத் திருப்பி ஆஃப் செய்ததும் எல்லாம் அணைகிறது. ஃபேன் ரிலேயின் 30ஆம் முனை (ஃபேனுக்கான கரண்ட் உள்ளே வரும் இடம்) ஃபியூஸோடு பேட்டரியிலேயே இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம். பெட்ரோல் பம்ப் ரிலேக்கும் இதே வயரிங்தான்.

அப்புறம் ஒன்று. உள்ளேயே டயோடு வைத்த ரிலே என்றால் 86இல்தான் பிளஸ் வர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஈ.சி.யூ. அவுட்புட்டே போய்விடலாம். தயவுசெய்து ரிலே மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். அடுத்து ஏசி கிளட்ச் வேலை.