பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்': அந்த ரயில் காட்சி பற்றி ஒரு கேள்வி

கேள்வி:
நேற்று பஸ்டர் கீட்டன் நடித்த 'ஒன் வீக்' (1920) என்ற மௌன நகைச்சுவைப் படம் பார்த்தேன். ரெண்டே ரீல், அரை மணி நேரம்கூட இல்லை. விமர்சனம் எழுத உட்கார்ந்தால் 'விழுகிறார், எழுகிறார்' என்பதைத் தாண்டி எழுத வரவில்லை. ஆனால் கடைசி ரயில் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தேன், அடுத்த நொடியே மனசு கனத்துவிட்டது. இரண்டும் ஒன்றாக எப்படி நடந்தது? அப்புறம், எல்லோரும் ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறார்கள்?

பதில் 1:
வேகத்துக்குக் காரணம், அப்போது கேமராவின் பிடியைக் கையால் சுற்றித்தான் படமெடுப்பார்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கு பேசும்படத்தோடுதான் நிலைத்தது. மெதுவாகச் சுற்றி எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஓட்டமாகத்தான் தெரியும். நகைச்சுவைக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றியதும் உண்டு.

பதில் 2:
நண்பரே, அந்த ரயிலை மட்டுமே வைத்து எழுதுங்கள். புதுமணத் தம்பதி பெட்டி பெட்டியாக வந்த வீட்டைத் தாங்களே பொருத்திக் கட்டுகிறார்கள். பெண்ணைக் கட்ட முடியாமல் போனவன் பெட்டி எண்களை மாற்றிவிட, வீடு கோணலாக நிற்கிறது. புயலில் பம்பரமாகச் சுற்றுகிறது (அதற்காகவே வீட்டைச் சுழலும் மேடைமேல் கட்டினார்கள்). அதை வேறு இடத்துக்கு இழுத்துப்போகும்போது தண்டவாளத்தில் சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது, இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அது பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. நாமும் 'அப்பாடா' என்று மூச்சு விடுகிறோம். அந்த மூச்சு முடிவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டை நொறுக்குகிறது! பொம்மை வீடு இல்லை, நிஜ ரயில். கேமரா தள்ளியே நிற்கிறது, முழுவதையும் ஒரே ஃப்ரேமில் பார்க்கிறோம். நம்மை நிம்மதியாக்கிவிட்டு அடிப்பதால்தான் சிரிப்பு.

மனசு கனத்ததற்குக் காரணம், மனைவியாக நடித்த சிபில் சீலி என்று நினைக்கிறேன். அவர் ஓரமாக நின்று அலறும் மனைவி இல்லை, கூடவே வேலை செய்கிறார். ஒரு வாரம் இருவரும் பட்ட பாடு அத்தனையும் அந்த வீடு. 'விற்பனைக்கு' என்ற பலகையை இடிபாட்டில் வைத்துவிட்டுக் கைகோத்து நடக்கிறார்களே, அதைக் கவனித்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் மறுபடி பார்த்தேன். நடக்க ஆரம்பித்த கீட்டன் திரும்பி வந்து, வீட்டைப் பொருத்திக் கட்டும் குறிப்புத்தாளையும் அந்தப் பலகையோடு வைத்துவிட்டுப் போகிறார். முதல் தடவை இதைத் தவறவிட்டிருக்கிறேன். விமர்சனத்தை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.