தனியாளாக ரீவயரிங்: வயர் இழுக்க என்ன வழி?

தங்கச்சிமடம் வயர்மேன்:
வணக்கம். லைசென்ஸ் வைத்து வேலை பார்க்கிறவன்தான். ஆனால் தனியாக ஒரு வீட்டை முழுசாக ரீவயரிங் பண்ணிப் பழக்கமில்லை. கூட வந்துகொண்டிருந்த தம்பி மீன்பிடித் தடைக்காலத்துக்கு மட்டும்தான் நமக்கு ஆள். ஜூன் 15 பிறந்ததும் படகேறிவிட்டான். கையில் இருப்பது பாம்பனில் தென்கடல் பக்கம் ஒரு பழைய காங்கிரீட் வீடு. மூன்று அறை, ஹால், அடுப்படி. எல்லாம் சுவருக்குள் பைப்பு. உள்ளே ஓடுவது அலுமினிய வயர், லைட்டுக்கு எர்த்தே கிடையாது. போர்டைக் கழற்றினால் தகரப் பெட்டி விரலோடு உதிர்ந்து வருகிறது, பித்தளை டெர்மினலெல்லாம் பச்சைக் களிம்பு. வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். ஆவணியில் கல்யாணம், அதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் அவருடைய வயதான அம்மா மட்டும்.

ஒரு பக்கம் ஊட்ட ஓர் ஆள், மறுபக்கம் இழுக்க ஓர் ஆள். நான் கற்றுக்கொண்ட வேலை இது. தனியாக இழுத்தால் பாதியில் நிற்கிறது. ஏணியை விட்டு இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டி வாயில் வயர் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. அதை நிமிர்த்திவிட்டுத் திரும்ப ஏறினால் மறுபடி அதே கதை. தனியாகப் பார்க்கிற அண்ணன்மார் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மண்டபம் கேம்ப்:
தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள், இழுக்கிற நேரம் கொஞ்சம்தான். பொழுது முழுக்க நடையில் போகிறது. அந்த நடையைக் குறைத்தால் கையாள் இல்லாமலே ஓடும். நான் வெகு காலமாகத் தனியாகத்தான் பார்க்கிறேன்.

முதல் விஷயம், பழைய வயரைக் கட்டிப் புது வயரை இழுக்காதீர்கள். செம்பாக இருந்தால் பரவாயில்லை. அலுமினியத்தை வளைவுகளில் உப்பு தின்றிருக்கும், பாரம் ஏறினால் நடுப் பைப்பில் அறுந்துவிடும். பழைய வயரைக் கொண்டு கயிற்றை மட்டும் இழுங்கள். அப்புறம் புது வயரைக் கயிறு இழுக்கட்டும். வலைக்கு வாங்குகிற பின்னல் நைலான் கயிறு உங்கள் ஊரில் கிடைக்காத தெரு உண்டா? தங்கூஸ் (தூண்டில் நரம்பு) வேண்டாம், கையை அறுக்கும், முடிச்சும் வழுக்கும். பழைய வயர் அறுந்தே போனால் மட்டும் ஸ்பிரிங் (பைப்புக்குள் தள்ளிவிடுகிற வளையும் கம்பி) விடுங்கள்.

வெளியே வந்த பழைய வயர்தான் உங்கள் அளவு. அதைத் தரையில் போட்டு, இரண்டு பக்கமும் ஒரு முழம் கூட்டி, பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். காயிலிலிருந்து (வயர் சுருளிலிருந்து) நேராகப் பைப்புக்குள் விடுகிற வேலையே கூடாது. காயில் வயர் முறுக்கோடுதான் வரும். அதை நிமிர்த்திக் கொடுக்கத்தான் அந்தப் பக்கம் ஆள் நிற்கிறான். வெட்டின வயரை ஹால் நீளத்துக்கு நேராகப் பரப்பிவிட்டால் யாரும் ஊட்ட வேண்டாம், தானாக உள்ளே போகும். காயில்களை ஒரு கம்பியில் கோத்து இரண்டு நாற்காலிக்கு நடுவே தொங்கவிட்டால் மூன்று நிறமும் சேர்ந்து உருண்டு வரும், ஓர் அறைக்கு உள்ளதை ஒரே மூச்சில் வெட்டிவிடலாம். பெட்டி வாயில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து மடித்து வையுங்கள், துருப்பிடித்த விளிம்பு வயர் தோலைச் சீவாது.

இனி மூக்கு, அதாவது கயிற்றில் வயரைக் கட்டுகிற முனை. மூன்று வயரையும் ஒரே இடத்தில் முடிந்தால் அது பருத்துப் போய் வளைவில் மாட்டும். ஒன்றின் முனையை உரித்துக் கயிற்றில் கொக்கி போடுங்கள். அடுத்ததை ஓர் அங்குலம் பின்னால், மூன்றாவதை அதற்கும் பின்னால். டேப்பைப் பின்னாலிருந்து மூக்கு நோக்கிச் சுற்ற வேண்டும், அப்போதுதான் விளிம்பு எதிர்த்து நின்று சுருளாது. மேலே கொஞ்சம் டால்கம் பவுடர். எண்ணெய், கிரீஸ் பக்கமே போகாதீர்கள், பிவிசி தோல் கெட்டுப்போகும்.

தனியாளுக்கு இன்னொன்று: கயிறு பைப்பைப் போல் இரண்டு மடங்கு நீளம் இருக்கட்டும். வயரைக் கயிற்றின் நடுவில் கட்டுங்கள். பின்பாதி வயரோடு சேர்ந்து உள்ளே வரும். சிக்கினால் அந்தப் பக்கம் போய் வால் கயிற்றை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துவிட்டு வந்தால் போதும், பிடுங்கிப் பிடுங்கி மல்லுக்கட்ட வேண்டாம். வேலை முடிந்த பிறகு அந்தக் கயிற்றை உள்ளேயே விட்டுவிடுங்கள். நாளைக்கு ஏசி என்பார்கள், அப்போது உதவும்.

கீழைத் தம்பி:
மண்டபம் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னது அத்தனையும் சரி. நான் வேறு ஒன்று சொல்கிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? கல்யாண வீடு என்கிறீர்கள், குவைத் பணம், இல்லாமலா இருக்கும். மெயினை இறக்கினால் இன்வெர்ட்டர் கரண்ட்டு போய்விட்டது என்று நினைத்துத் தன் வேலையைத் தொடங்கும், லைட்டு பேன் லைன் எல்லாம் உயிரோடுதான் இருக்கும். இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரி டெர்மினலையும் கழற்றி வைத்துவிட்டுக் கை வையுங்கள். மெயின் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தார் நல்ல மனசோடு வந்து போட்டுவிடக் கூடாது. டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். டெஸ்ட் லாம்பை முதலில் கரண்ட்டு உள்ள இடத்தில் எரியவைத்துப் பார்த்துவிட்டு, பிறகு வேலை பார்க்கிற இடத்தில் வையுங்கள். அந்தப் பெரியம்மாவுக்கு மெயினை இறக்கவும், உங்களுக்கு ஏதாவது என்றால் தொடாமல் யாரைக் கூப்பிடுவது என்றும் காட்டிக்கொடுங்கள்.

எந்த ப்யூஸ் எந்த அறை என்று கண்டுபிடிக்க மாறி மாறி நடக்காதீர்கள். ரேடியோவை பிளக்கில் மாட்டி இலங்கை எப்எம் ஒன்றைச் சத்தமாக வையுங்கள். உங்கள் பக்கம் அது நம்மூர் ஸ்டேஷனைவிடத் தெளிவாகக் கேட்குமே! பாட்டு நின்றால் அந்த லைன். போர்டைப் பிரிப்பதற்கு முன் போனில் படம் எடுத்துவிட்டு, வயர் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். ஓர் அறையை முடித்துக் கரண்ட்டு கொடுத்த பிறகு அடுத்த அறை. வயசானவர் ராத்திரி பேன் இல்லாமல் எப்படிப் படுப்பார்?

தொண்டிக்காரன்:
இழுப்பது எல்லாம் சரி, இழுத்த பிறகு கடற்கரையில் நிற்க வேண்டுமே. பைப்புக்கு நடுவே ஜாயிண்ட் வைக்காதீர்கள், போர்டுக்குப் போர்டு லூப் அடியுங்கள், அதாவது ஒரு போர்டின் டெர்மினலிலிருந்தே அடுத்த போர்டுக்கு வயரைக் கொண்டுபோங்கள். ஜங்ஷன் பெட்டியில் முறுக்கி டேப் சுற்றினால் இந்தக் காற்றுக்கு டேப் பசை இளகி உள்ளே களிம்பு ஏறிவிடும். தகரப் பெட்டிக்குப் பதில் பிவிசி பெட்டி, பித்தளை ஸ்க்ரூ. வயர் தடிமன் லைட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), பிளக்குக்கு இரண்டரை, ஏசிக்கு நாலு.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட்டு கசிந்தால் லைனை அறுக்கிற சுவிட்ச்) கட்டாயம் போடுங்கள், ஆனால் வீட்டுக்கே ஒன்று என்று போடாதீர்கள். வாடைக்காலத்தில் எங்காவது ஒரு பெட்டி ஈரம் பிடித்தால் மொத்த வீடும் இருட்டாகும், உங்களைத்தான் போனில் கூப்பிடுவார்கள். லைட்டு பேனுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் பாதி வீடாவது வெளிச்சமாக இருக்கும்.

தங்கச்சிமடம் வயர்மேன்:
ரொம்ப நன்றி அண்ணே, காக்கா. இன்வெர்ட்டர் இருக்கிறது, மாடிப்படிக்குக் கீழே! முன் அறையில் கயிற்று வித்தையைச் செய்து பார்த்தேன், வெண்ணெய் மாதிரி வந்தது. அடுப்படிப் பைப்புதான் பிரச்சினை. இரும்புப் பைப்பு, வளைவில் துரு அடைத்துப் பழைய வயர் அசையவே இல்லை. சுவரை உடைக்கட்டுமா?

மண்டபம் கேம்ப்:
கல்யாணத்துக்கு வெள்ளையடித்த சுவராக இருக்கும், உடைத்தால் கொத்தனாரையும் தேட வேண்டி வரும். அந்த ஒரு லைனை மட்டும் சுவருக்கு வெளியே பிவிசி கேசிங்கில் (மூடி போட்ட பட்டையில்) கொண்டுபோங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், ஆவியும் எண்ணெயும் படியும். ஜன்னல் பக்கமாகச் சுற்றிப் போனால் ஒரு மீட்டர் கூடும், அவ்வளவுதான். இரும்புப் பைப்பில் மாட்டிய வயரை இரண்டு முனையிலும் ஒட்ட வெட்டி மூடிவிடுங்கள். அப்புறம், பேன் மாட்டவும் ஆள் தேடாதீர்கள். கூரைக் கொக்கியில் கயிற்றைப் போட்டு பேனைத் தூக்கி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால் இரண்டு கையும் உங்களுக்குக் கிடைக்கும்.