ஒழுங்கற்ற கல்லின் அடர்த்தி: அளக்கிற ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது

கல்தேடி:
விரல் நீளத்தில் ஒரு வெள்ளைக் கல், மேடும் பள்ளமுமாக இருப்பதால் வெர்னியர் (நீளம், தடிமனை நுட்பமாக அளக்கும் கருவி) வைத்து அளக்க வழியில்லை. எடை 86.4 கிராம், அதில் சிக்கல் இல்லை. கன அளவுதான் படுத்துகிறது. 250 மி.லி. அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றிக் கல்லை இறக்கினால் மட்டம் ஒரு தடவை 31 ஏறுகிறது, இன்னொரு தடவை 33. அப்படியென்றால் அடர்த்தி 2.79-ஆ, 2.62-ஆ? கனிமங்களில் குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71, இந்தக் கல் இரண்டில் எது என்று எப்படிச் சொல்வது? இன்னும் நல்ல ஜாடி வாங்க வேண்டுமா?

தராசுமுள்:
வாங்காதீர்கள், உங்கள் தராசே போதும். அந்த ஜாடியில் 2 மி.லி.க்கு ஒரு கோடுதான் இருக்கும், தண்ணீரின் மேற்பரப்பு வேறு ஓரத்தில் வளைந்து நிற்கும், அதனால் ஒன்றிரண்டு மி.லி. முன்பின் போவது சகஜம்.

ஒரு குவளையில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, டேர் அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டி, மேலே ஏதாவது தாங்கியிலிருந்து தொங்கவிட்டு முழுசாக மூழ்க விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படவே கூடாது. தண்ணீர் கல்லை எவ்வளவு மேலே தள்ளுகிறதோ அதே அளவு கல் தண்ணீரைக் கீழே அழுத்தும், தராசு காட்டுவது அந்த அழுத்தத்தைத்தான். அதாவது இடம்பெயர்ந்த தண்ணீரின் எடை. 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.998 கிராம், அதால் வகுத்தால் கன அளவு கன சென்டிமீட்டரில் வந்துவிடும். கல்லின் பள்ளங்களில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், இது ரொம்ப முக்கியம்.

நுண்துளை:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கல் தண்ணீர் குடிக்கிற ரகமாக இருந்தால் தராசின் எண் ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே போகும், ஏனென்றால் குவளைத் தண்ணீர் கல்லுக்குள் போய்விடுகிறது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி எடை போட்டால் எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். அடர்த்தியை மட்டும் நம்பவும் வேண்டாம். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், கால்சைட் கீறாது.

கல்தேடி:
செய்து பார்த்தேன், 32.6-இல் அசையாமல் நின்றது. கணக்குப் போட்டால் 2.645! கால்சைட்டாக இருந்திருந்தால் 31.8 காட்டியிருக்க வேண்டும், என் தராசு 0.1 கிராம் வரை காட்டும் என்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. கண்ணாடியையும் கீறிவிட்டது. சரி, மிதக்கிற பொருளுக்கு என்ன செய்வது? ஒரு மரத்துண்டு இருக்கிறது.

தராசுமுள்:
நூலுக்குப் பதில் மெல்லிய ஊசியால் குத்தி முழுசாக மூழ்கும்வரை அழுத்திப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அதேதான். மரம் தண்ணீர் குடிக்கும் என்பதால் முதலில் மெழுகில் தோய்த்து எடுங்கள். தோய்ப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, ஏறிய மெழுகின் எடையை அந்த மெழுகின் அடர்த்தியால் வகுத்து (பாரஃபின் என்றால் சுமார் 0.9) மொத்தக் கன அளவிலிருந்து கழித்துவிடுங்கள்.