தமிழ் வகுப்பறை உரையாடலை ஆய்வேட்டில் மொழிபெயர்த்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

வணக்கம். அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் கணிதக் கல்வியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நான், தமிழ்வழி ஆறாம் வகுப்பு மாணவர்கள் பின்னங்களைப் பற்றிப் பேசுவதை உரிய ஒப்புதலுடன் ஒலிப்பதிவு செய்துள்ளேன். 2/3 என்பதை ஆங்கிலத்தில் தொகுதியில், அதாவது மேலுள்ள எண்ணில் தொடங்கி ‘two-thirds’ என்று சொல்வார்கள். நம் பிள்ளைகளோ பகுதியை, அதாவது கீழுள்ள எண்ணை முன்வைத்து ‘மூன்றில் இரண்டு’ என்கிறார்கள். ஒரு மாணவி அப்படிச் சொல்லிக்கொண்டே தாளை மூன்றாக மடித்து, பிறகே இரண்டு பாகங்களுக்கு வண்ணம் தீட்டினாள். ஆங்கிலத்தில் பெயர்த்ததும் இந்த வரிசை மறைந்துவிடுகிறது. என் ஆய்வுக்கு உயிரே அதுதான்.

இத்தகைய உரையாடல்களை ஆய்வேட்டில் சேர்த்தவர்கள், தமிழ் மூலம், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, இயல்பான ஆங்கிலம் ஆகிய மூன்றையும் எவ்வாறு அமைத்தீர்கள் என்றும், தமிழறியாத நெறியாளரிடம் மொழிபெயர்ப்பின் நம்பகத்தன்மையை எவ்வாறு நிறுவினீர்கள் என்றும் தயவுசெய்து தெரிவியுங்கள். வாரம் 20 மணி நேரம் கற்பித்தல் உதவியாளர் பணிக்கே போய்விடுவதால், இவற்றில் எதை முதலில் செய்வது என்ற ஆலோசனையும் பேருதவியாக இருக்கும்.