சின்தசைசரில் குமிழைத் திருப்பினால் கரகரப்பு: எந்த வால்யூம் வாங்கலாம்?

காட்பாடி இசைப்பிரியன்:
வணக்கம். வீட்டில் சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் இசைக்கருவி) ஒன்று கட்டி வருகிறேன். குமிழ்கள் எல்லாவற்றுக்கும் பி100கே என்று அச்சிட்ட கார்பன் வால்யூம்களே (திருப்பினால் மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர்கள்). ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர் குமிழும் ஒலி அளவுக் குமிழும் திருப்பும்போது கரகரக்கின்றன. ஒலி அளவோ கால் சுற்றிலேயே ஏறிவிடுகிறது. வேலூர் வெயிலில் சுருதியும் நகர்கிறது. நல்ல பொட்டென்ஷியோமீட்டராக எதைப் போடலாம்?

ராணிப்பேட்டை ரேடியோ:
தம்பி, கடைக்குப் போவதற்குமுன் மல்டிமீட்டரை எடுங்கள். இசை எதுவும் வாசிக்காமல், ஒலி அளவு வால்யூமின் இரண்டு ஓரக் கால்களுக்கும் இடையே டி.சி. வோல்ட் அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் முன்னால் டி.சி.யைத் தடுக்க வேண்டிய கண்டென்சர் கசிகிறது. அந்த இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த வால்யூமைப் போட்டாலும் கரகரக்கும்.

ஃபில்டர் குமிழின் கதை வேறு. அங்கே டி.சி. இருந்தே ஆக வேண்டும். அதுதான் ஃபில்டரை நகர்த்துகிறது. நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபேரட் கண்டென்சர் ஒன்று வையுங்கள். சின்னத் துள்ளல்கள் அடங்கிவிடும்.

பி என்றால் லீனியர், திருப்பும் அளவுக்கு ஏற்பச் சீராக மாறுவது. ஒலி அளவுக்கு ஏ100கே, அதாவது முதலில் மெதுவாக ஏறும் லாக் வேண்டும். பழைய ஐரோப்பியச் சரக்கில் இந்த எழுத்துகளின் பொருள் வேறாக இருக்கலாம். அச்சை நம்பாமல் குமிழைப் பாதியில் நிறுத்தி அளந்துவிடுங்கள். லீனியர் என்றால் பாதி மதிப்பு காட்டும். லாக் என்றால் ஒரு பக்கம் பத்து, இருபது சதவீதம்தான்.

ஆரணி வாசகர்:
சுருதி நகர்வதற்கு வால்யூமைக் குறை சொல்ல வேண்டாம். மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் இணைப்பில், வால்யூமுக்குள் இருக்கும் மின்தடைத் தடத்தின் இரு பாதிகளும் சேர்ந்தே சூடாகின்றன, விகிதம் மாறுவதில்லை. சுருதியை எழுப்பும் ஆஸிலேட்டரின் டிரான்சிஸ்டர் ஜோடியைப் பாருங்கள். சுருதி சரிசெய்யும் இடத்தில் மட்டும் பல சுற்று செர்மெட் டிரிம்மர் (திருப்புளியால் நுணுக்கமாகச் சரிசெய்யும் சின்ன வால்யூம்) போடுங்கள்.

வாசிக்கும்போது ஓயாமல் திருப்பும் குமிழ்களுக்குக் கடத்தும் பிளாஸ்டிக் தடம் கொண்டவை சிறந்தவை. கார்பனைவிட வழவழப்பாக ஓடும், நெடுநாள் உழைக்கும். மற்றவற்றுக்கு ஆல்ஃபா, ஆல்ப்ஸ் கார்பனே போதும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டாலோ, கால்கள் கறுத்திருந்தாலோ அந்தச் சரக்கே வேண்டாம். நட்டை முகப்புத் தகட்டில் இறுக்குங்கள். கைவிசை முழுவதையும் ஈயப் பற்று தாங்கக் கூடாது.

காட்பாடி இசைப்பிரியன்:
ஐயா, ஒலி அளவு வால்யூமில் 0.4 வோல்ட் காட்டியது. கண்டென்சரை மாற்றியதும் அந்தக் கரகரப்பு நின்றுவிட்டது. மிக்க நன்றி. ஃபில்டருக்கும் நீங்கள் சொன்ன கண்டென்சரை வைத்துப் பார்க்கிறேன்; அதன் குமிழுக்கு மட்டும் பிளாஸ்டிக் தடம் வாங்கிக்கொள்கிறேன்.